செவ்வாய், வெள்ளி நாலு மணி

புதுசாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல விஷயம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியும் போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் என்னிடம் நல்ல விஷயம் கம்மி, சொதப்பல்தான் ஜாஸ்தி. கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களைத் தேற்றுகிறேன், தெம்பு கொடுக்கிறேன் என்று கிளம்பி நான் அடித்த கூத்துகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இது எண்பதுகளின் நடுவில், நான் சேர்ந்த புதிதில் நடந்தது. இரண்டு பிள்ளைகளை, அவர்களைப் பெற்ற தாயிடமிருந்து பிரித்து அனுப்ப இருந்தேன். அதுவும் கையெழுத்துப் போட்டு, மிகுந்த கருணையோடு.

அப்போது எங்கள் மையம் சேலையூர் கேம்ப் ரோட்டில் இரண்டு ரூம்தான். ஒன்றில் ஃபைல், இன்னொன்றில் நாங்கள். நான் சமூகப்பணியில் எம்.ஏ. முடித்திருந்தேன். ஜோல்னா பையும் தாடியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக என்னிடம் ஒரு முகம் இருந்தது. அடுத்தவர் துக்கத்தைக் கேட்கும்போது முகத்தில் அனுதாபம் தெரிய வேண்டும் என்று படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, தொண்டைக்குள் "ம்ம்..." என்று இழுத்து, கண்ணாடி முன்னால் நின்று தினமும் பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பல்வலியா? கிராம்பு எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. இதெல்லாம் தொழில் நுணுக்கம், உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

இந்த முகத்தை எடுத்துக்கொண்டுதான் கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்கி உள்ளே கால் மணி நேரம் நடந்தால் ஓலையும் ஓடுமாக நாற்பது வீடுகள். அதில் ஒன்று கஸ்தூரியுடையது. முப்பது வயதிருக்கும். புருஷன் கல்குவாரியில் வேலை பார்த்தவர். மேலேயிருந்து கல் சரிந்து அந்த இடத்திலேயே போய்விட்டார். மகள் செல்விக்குப் பதின்மூன்று வயது, மகன் பாபுவுக்கு எட்டு. சாவு நடந்து இரண்டு மாதம் கழித்து, செல்வி படித்த பள்ளிக்கூடத்து டீச்சர் எங்களுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்.

குடும்பத்தை எப்போதும் முழுசாகத்தான் பார்க்க வேண்டும், ஒருவரைப் பார்த்துவிட்டு இன்னொருவரை விடக்கூடாது என்பது அப்போது எனக்கு வேதம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவது மூன்றே முக்காலுக்கு. ஆகவே செவ்வாய், வெள்ளி, மாலை நாலு மணி என்று டைரியில் குறித்தேன். அது உங்களுக்குத் தோதுப்படுமா என்று கேட்டேனா என்றால், கேட்டேன். "சார் எப்ப சொன்னாலும் சரி சார்" என்று கஸ்தூரி சொன்னாள். தாடி வைத்துக்கொண்டு பையோடு வந்து நிற்கிற ஆளிடம் வேறென்ன சொல்வாள்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் போனதும் ஸ்டூல் போடுவார்கள். எதிரே தரையில் மூன்று பேரும் வரிசையாக உட்காருவார்கள். ஜங்ஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்த களைப்பில் முதல் காரியமாகத் தண்ணீர் கேட்பேன். செல்வி கொண்டுவந்து தருவாள். மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பேன். அதையும் தருவாள். அப்புறம் முகத்தை மாட்டிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

"அவரைப் பத்திப் பேசலாமாம்மா? மனசுல இருக்கறதை அடக்கி வைக்கக் கூடாது. வெளிய கொட்டிடணும்."

"ம்."

"அவர் ஞாபகம் எப்பல்லாம் வருது?"

"வரும் சார்."

"அப்போ என்ன தோணும்?"

"இன்னா தோணும். ஒண்ணுமில்ல சார்."

இப்படியே ஒரு மணி நேரம் போகும். ஐந்து மணிக்கு எழுந்து, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மனசு திறப்போம் என்று சொல்லிவிட்டு வருவேன். ஐந்து வாரத்தில் பத்துத் தடவை போனேன். போய் வந்த பிறகு ஃபைலில் எழுதினேன். என் கையெழுத்து அப்போது ரொம்ப அழகாக இருக்கும். அதனால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு வரியும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

'தாய்: கண்ணில் ஒளி இல்லை. கையைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில். மகள்: நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்க்கிறாள். தகப்பன் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு நீங்கவில்லை. வகுப்பில் தூங்குவதாக ஆசிரியை கூறுகிறார். மகன்: காலை ஓயாமல் ஆட்டுகிறான். கடுமையான மனப்பதற்றம். இல்லம்: குடங்கள் எல்லாம் காலியாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. குடிக்கத் தண்ணீர்கூட எடுத்து வைக்காத அளவுக்குத் தாய் செயலிழந்துள்ளார்.'

வாசலைப் பார்க்கிற வரியை எழுதியபோது எனக்கே கண்ணில் நீர் வந்தது. என்னமாய் கவனித்திருக்கிறோம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

இதற்குமேல் இந்தத் தாயிடம் பிள்ளைகள் இருப்பது நல்லதில்லை என்று முடிவு கட்டினேன். குன்றத்தூர் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு இடம் காலியாக இருந்தது. பெண்ணுக்கு ஒரு கட்டடம், பையனுக்கு வேறு கட்டடம். கஸ்தூரியிடம் சொன்னேன். "அங்க வேளாவேளைக்குச் சாப்பாடு, படிப்பு எல்லாம் கிடைக்கும்மா. நீயும் கொஞ்சம் தேறிக்கலாம்." அவள், "நீங்க சொன்னா சரியாதான் இருக்கும் சார்" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். செல்வி எழுந்து போய் எனக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் அதையும் குடித்தேன்.

என் அறிக்கை வியாழக்கிழமையே மேலிடத்துக்குப் போய்விட்டது. மேலிடம் என்றால் கமிட்டி, கமிட்டி என்றால் டாக்டரம்மா. தாம்பரத்தில் சொந்தமாக க்ளினிக் வைத்திருந்தார். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, சரி என்று தலையாட்டினால் காரியம் முடிந்தது. ஒருநாள் விட்டுச் சனிக்கிழமை கமிட்டி, திங்கட்கிழமை பிள்ளைகள் குன்றத்தூருக்கு. நடுவில் வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போலக் கடைசித் தடவையாக ஆறுதல் சொல்லக் கிளம்பினேன்.

அன்றைக்கு பஸ் கேம்ப் ரோட்டிலேயே நின்றுபோனது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நடையைக் கட்டினேன். கஸ்தூரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை தாண்டிவிட்டது. கதவு பூட்டியிருந்தது.

'தாயையும் பிள்ளைகளையும் தனியே விடுவது பாதுகாப்பானது அல்ல' என்று எழுதிக் கொடுத்தவனே நான்தான். பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் இவள் ஏதாவது செய்துகொண்டுவிட்டாளா என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ஏரி வேறு இருந்தது. முனையிலிருந்த பெட்டிக்கடைக்காரரிடம் ஓடினேன்.

"கஸ்தூரியைப் பார்த்தீங்களா?"

"கஸ்தூரியா? கொழாயாண்ட கீது சார்."

அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். நான் ஓடினேன்.

தெருக்குழாய் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய். அதைச் சுற்றி ஐம்பது அறுபது குடங்கள், இருபது முப்பது பெண்கள், காது கிழிகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் எல்லாருக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது.

"நாலு வாட்டி வரலன்னா என் எடம் ஒனக்கு பட்டா பண்ணிக் குட்த்துட்டாங்களா? எட்றீ கொடத்த."

கஸ்தூரிதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தன்னைப்போல் இரண்டு மடங்கு இருந்த ஒரு பெண்மணியை எதிர்த்து நின்றாள். அந்த அம்மாளும் விடவில்லை. "நீ மகாராணி மாதிரி வூட்ல ஒக்காந்துக்கினு இருப்ப, நாங்க ஒனக்கு எடம் புட்சி வெக்கணுமா?" என்றாள். கஸ்தூரி பதிலுக்கு ஏதோ சொன்னாள். அதை இங்கே சொல்ல முடியாது. வரிசையே சிரித்தது, அந்தப் பெரிய அம்மாள் உட்பட. கஸ்தூரியும் சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கும் என்பது பத்து சந்திப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செல்வி குழாயடியில் குனிந்து குடம் மாற்றிக்கொண்டிருந்தாள். பாபு காலி குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான்.

அப்போது பாபு என்னைப் பார்த்துவிட்டான். "எம்மா, சார்."

கஸ்தூரி திரும்பினாள். முகம் அப்படியே அணைந்துபோனது. செருகிய புடவையை இறக்கிவிட்டு, "வாங்க சார், வூட்டுக்குப் போலாம்" என்று வரிசையை விட்டு வெளியே வந்தாள். பிள்ளைகள் இரண்டும் அவள் பின்னால் வந்தன. அடுத்து முறை வரவேண்டிய அவள் குடம் வரிசையில் அங்கேயே நின்றது.

அந்தப் பெரிய அம்மாள்தான் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். "இன்னா சார் நீ. செவ்வாயும் வெள்ளியும் நாலுலேந்து அஞ்சுதான் தண்ணி வுடுவான். கரீட்டா அந்த டயத்துக்கு வந்து ஒக்காந்துக்கினா இது எப்டி தண்ணி புடிக்கும்? ஆள் இல்லன்னா கொடத்த ஓரமா வெச்சிட்றதுதான் இங்க கணக்கு. ஒருநாள் ரெண்டுநாள் நாங்க வுட்டுக் குடுப்போம். தெனம் குடுக்க முடியுமா?"

எனக்கு முதலில் அந்த ஃபைல்தான் ஞாபகம் வந்தது. கையைப் பிசைந்தவள், காலை ஆட்டினவன், வாசலைப் பார்த்தவள். குழாய்ச் சத்தம் அந்த வீட்டு வாசல்வரைக்கும் கேட்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தும் மூன்று பேரும் மரியாதைக்காக என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்ந்து கிடந்த குடங்களைக் கவிழ்த்ததே நான்தான். அது போதாதென்று இருந்த கொஞ்சத்தையும் இரண்டு டம்ளர் கேட்டுக் குடித்திருக்கிறேன். கூசிப்போனேன். இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் கூசுகிறது.

"நீ போய் நில்லும்மா" என்றேன். கஸ்தூரி தயங்கினாள். நானே போய் அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியான ஒரு தலையீடு செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பாதி தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "இது தண்ணி வர்ற நேரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "எப்டி சார் சொல்றது? நீங்களே பாவம், மூஞ்சிய அப்டி வெச்சிக்கினு வந்து ஒக்காருவீங்க. சாருக்கு வூட்ல இன்னா கஷ்டமோ, யார்கிட்டயும் சொல்ல முடியாம இங்க வந்து கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போறாருன்னு நெனச்சோம். தொரத்த முடியுமா? கொழாயாண்ட எல்லாரும் சொன்னாங்க, பாவம் அந்த சாருக்கு சம்சாரம் வுட்டுட்டுப் போயிட்ச்சு போலன்னு."

ஊரே கூடி எனக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறது. நான் அவளைத் தேற்றப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஐந்து வாரமாக, தண்ணீரை விட்டுக்கொடுத்து என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், நான் கேட்காமலேயே அவள் பேசினாள். "அவரு இருந்தப்போ செவ்வா வெள்ளி குவாரிலேந்து சீக்கிரமா வந்துருவாரு சார். ஆம்பள கொடம் தூக்கறானேன்னு எல்லாம் கேலி பண்ணுவாங்க. கவலையே படமாட்டாரு." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அதான் கொழாயாண்ட போனா அழுகையா வரும். அழுவேன். எவளாச்சும் ஒருத்தி சண்டைக்கு வருவா. சரியாப் பூடும்." அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் குடம் கொட்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பத்துத் தடவை கேட்டும் வராதது அந்த இருநூறு அடிக்குள் வந்துவிட்டது.

செல்வி ஏன் வகுப்பில் தூங்கினாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் கிடைக்காததால் விடியற்காலையில் எழுந்து அரை மைல் தள்ளி ஒரு கிணற்றிலிருந்து சுமந்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் குடத்தை இறக்கினதும் செல்வி முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினாள். "திங்கக்கெழம நாங்க போனப்புறம் அம்மா ஒண்டியா எப்டி சார் தூக்கும்?"

நான் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை காலை கமிட்டிக்குப் போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். 'கடந்த சில நாட்களில் குடும்பத்தின் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிகிறது. ஆகவே விடுதிச் சேர்க்கையைத் தள்ளிவைக்கலாம்.' பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், எனக்கும் கெட்ட பேர் வராது. முன்னேற்றம் யாரால் வந்தது என்று கேட்டால் அடக்கமாகச் சிரிக்கலாம். உங்களிடம் மறைப்பதற்கென்ன, அந்தச் சிரிப்பைக்கூடப் பழகிப் பார்த்தேன்.

டாக்டரம்மா என் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "வியாழக்கிழமை எழுதினதுல தண்ணிகூட எடுத்து வைக்காத அம்மான்னு இருக்கு. இன்னிக்கு சனி. ரெண்டே நாள்ல என்ன முன்னேற்றம்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் ஒன்று தயாராகவும் இருந்தது. ஆனால் முன்னேற்றம் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு அவள் ஒருநாள் சோர்ந்து உட்கார்ந்தாலும் பின்னடைவு என்று எழுத வேண்டிவரும், பிள்ளைகளை மறுபடி கேட்பார்கள். செல்வி கேட்டது வேறு காதிலேயே இருந்தது.

"முன்னேற்றம் ஒண்ணும் இல்ல டாக்டர். அந்தம்மா முதல்லேந்தே நல்லாத்தான் இருக்காங்க. துக்கம் இருக்கு, அதோட சமாளிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. வீட்டுல தண்ணி இல்லாததுக்குக் காரணம் நான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டம்ளர் குடித்ததையும் சொன்னேன்.

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. விடுதிப் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். என் அறிக்கையையும் கிழிக்கக் கையை நீட்டினேன். தரவில்லை. "இது ஃபைல்லயே இருக்கட்டும். உங்களுக்கு அடுத்து வர்றவங்க படிக்கணும்" என்றார். அந்த ஃபைல் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள். கையெழுத்து நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகு கஸ்தூரி வீட்டில் நான் ஸ்டூலில் உட்காரவே இல்லை. செவ்வாய், வெள்ளி நாலு மணிக்குக் குழாயடிக்குப் போனேன். குடம் தூக்கினேன், திட்டு வாங்கினேன். கஸ்தூரி பிறகு சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தாள். செல்வி பத்தாவது முடித்தாள். கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பாபு இரண்டு தடவை வீட்டை விட்டு ஓடினான், இரண்டு தடவையும் திரும்பி வந்தான். ஆனால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில், கிராம்பு வேணுமா என்று கேட்ட என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், ஒன்பது நாள்.

மையத்திலிருந்து என் ஜூனியர்கள் வந்தார்கள். எல்லாரும் நான் பயிற்சி கொடுத்தவர்கள். என் எதிரே வரிசையாக உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் புருவத்தைச் சுருக்கி, "மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க சார்" என்றார்கள். நான் "ம்" என்றேன். அவர்களுக்குக் காப்பி போடப் பால் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. அவர்கள் போன பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, காலையில் கஸ்தூரி வந்தாள். தலை நரைத்திருந்தது. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் பழகாமலேயே அந்த முகம் எனக்கு வந்துவிட்டிருந்தது. அவள் ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குடங்களைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் காலி. மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றை என் கையில் திணித்தாள்.

"தண்ணி லாரி வந்துக்கீது. வா சார்."

போய் நின்றேன். வெயில், சத்தம், தள்ளுமுள்ளு. என் முறை வரும்போது யாரோ ஒருவர் என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை நுழைத்தார். பத்து நாளாக மூடியிருந்த வாய் திறந்தது. "யோவ், என் குடம்யா. நான்தான்யா முதல்ல வச்சேன்" என்று கத்தினேன். அடுத்த வார்த்தைக்குள் குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேர் எதிரில், லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

யாரும் என்னைச் சுற்றி உட்காரவில்லை. ஒருவரும் தலையைச் சாய்க்கவில்லை. அந்த ஆள் தன் குடத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டார். கஸ்தூரி என் குடத்தைக் காலாலேயே குழாய்க்கு நேராக நகர்த்திவிட்டு, "அழு சார், ரொம்பற வரைக்கும் டைம் கீது" என்றாள்.

அன்றைக்கு நாங்கள் மூன்று குடம் பிடித்தோம்.